வானம் பார்த்த பலகை: அமெரிக்க மரத்தளத்தின் பராமரிப்பு வரலாறு

செங்குத்தாக நிறுத்திய பலகையில் விழும் மழைநீர் வழிந்து ஓடிவிடுகிறது. கூரைக்கு அடியில் கிடக்கும் பலகையை வெயில் தீண்டுவதில்லை. வெட்டவெளியில் வானத்தைப் பார்த்தபடி படுக்கைவாட்டில் கிடக்கும் பலகைக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. அமெரிக்காவில் ‘டெக்’ என்று வழங்கும் மரத்தளம் இப்படிக் கிடக்கும் பலகைகளால் ஆனது. வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கால் நாட்டி, உத்தரம் போட்டு, அதன்மேல் நீர் வடிவதற்கான இடைவெளி விட்டுப் பலகைகளை அடித்து அமைக்கும் கூரையற்ற மேடையே அது. கடந்த அரை நூற்றாண்டில் அந்நாட்டின் புறநகர் வீடுகளில் அது ஏறக்குறைய இன்றியமையாத உறுப்பாகிவிட்டது. அதன் வரலாற்றை எழுதியவர்கள் கட்டடக்கலையையும் ஓய்வுநேரப் பண்பாட்டையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பலகைகளை ஆண்டுதோறும் கழுவி, கறை நீக்கி, சாயம் ஏற்றிக் காத்த வேலைக்கு அந்த எழுத்தில் கிடைத்த இடம் மிகக் குறைவு. உண்மையில் மரத்தளத்தின் வடிவம், அதற்குத் தெரிவான மரம், அதன் நிறம், இறுதியில் அதைப் பற்றிய சட்டம் ஆகிய அனைத்தையும் முடிவுசெய்தது அந்த வேலைதான்.

இந்த வேலையின் தன்மை விளங்க வேண்டுமானால் வெளியில் கிடக்கும் மரத்துக்கு என்ன நேர்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். மரத்தின் இழைகள் செல்லுலோஸ் என்னும் பொருளாலானவை. அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பது லிக்னின் என்னும் மற்றொரு பொருள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. எஞ்சிய செல்லுலோஸ் இழைகள் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் துருத்தி நிற்க, அவற்றின்மேல் பூஞ்சணம் படர்ந்து கருமை ஏறுகிறது. இந்தத் தேய்மானம் மிக மெதுவானது; ஊசியிலை மரங்களில் ஒரு நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே நரைத்துப்போனதால் மட்டும் ஒரு பலகை அழிந்துவிடாது. அழிவைக் கொண்டுவருவது ஈரம். வெயிலில் மேல்முகம் சுருங்கி, அடிமுகம் ஈரத்தில் ஊதி, பலகை வளைந்து வெடிக்கிறது. வெடிப்புக்குள் இறங்கிய நீர் தங்கிவிட்டால் மரத்தை உள்ளிருந்தே தின்னும் பூஞ்சைகள் அங்கே குடியேறுகின்றன. கழுவுதல், சாயமேற்றுதல், மெழுகு கலந்த எண்ணெய் பூசுதல் என்று மனிதர் செய்துவந்த அனைத்தும் இந்த ஈரத்தை உள்ளே விடாமலிருக்க, விட்டால் விரைவில் வெளியேற்ற, செய்த முயற்சிகளே.

இந்த முயற்சியின் தொடக்கக் களம் கப்பல். பாய்மரக் கப்பல்களின் மேல்தளத்தில் தேக்கு, ஓக், பைன் முதலிய பலகைகளை அடுத்தடுத்து இறுக்கி, இடைவெளிகளில் கயிற்றுப் பஞ்சை உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்துச் செருகி, அதன்மேல் காய்ச்சிய கீலை ஊற்றி அடைப்பார்கள். தமிழகக் கடற்கரைத் தச்சர் கலப்பத்து என்று சொல்லும் வேலை இது. பழைய தார்க்கயிறுகளை விரலால் பிரித்துப் பஞ்சாக்கும் கடினமான வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் சிறைக்கைதிகளும் ஏழை விடுதிகளில் அடைபட்டவர்களும் செய்தார்கள். கப்பல் தளத்தின் ஒழுகாமைக்குப் பின்னால் அந்த விரல்களின் உழைப்பும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தளத்தைக் கழுவும் முறை அதைவிடக் கடுமையானது. விடியும் முன்பே மாலுமிகள் தளமெங்கும் கடல்நீரை இறைத்து, மணலைத் தூவி, முழங்காலிட்டு, ஹோலிஸ்டோன் எனப்பட்ட மென்மையான மணற்கல்லால் பலகைகளை இழைவாட்டில் தேய்ப்பார்கள். பெரிய கல்லுக்குப் ‘பைபிள்’ என்றும், மூலைமுடுக்குகளுக்கான சிறிய கல்லுக்கு ‘ஜெபப்புத்தகம்’ என்றும் கப்பலில் பெயர் வழங்கியது. 1834இல் பாஸ்டனிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தோல் வணிகக் கப்பலில் சாதாரண மாலுமியாகச் சென்ற ரிச்சர்டு ஹென்றி டேனா, 1840இல் வெளியிட்ட ‘டூ இயர்ஸ் பிஃபோர் தி மாஸ்ட்’ என்ற நூலில் இந்த அன்றாடக் கழுவலை விரிவாகப் பதிவு செய்துள்ளார். அதிகாரிகளுக்கு வெண்மையான தளம் ஒழுங்கின் அடையாளம். மாலுமிகளைச் சும்மா இருக்க விடாமல் வைத்திருக்கும் வழியும் அதுவே. ஆயினும் இந்த வழக்கத்துக்குள் மெய்யான மர அறிவு ஒன்றும் இருந்தது. நாள்தோறும் நனைந்த பலகை ஊதிய நிலையிலேயே இருந்ததால் இடுக்குகள் விரியவில்லை. கடல்நீரின் உப்பு மரத்தைத் தின்னும் பூஞ்சைகளைத் தடுத்தது. கப்பல் தச்சர்கள் கடல்நீரைக் கண்டு அஞ்சாமல், தங்கிநிற்கும் மழைநீரைக் கண்டே அஞ்சினார்கள்.

எனினும் கல் தேய்க்கத் தேய்க்கப் பலகையும் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் போர்க்கப்பல்களில் விலையுயர்ந்த தேக்குத் தளங்கள் இப்படி மெலிந்துபோவதைக் கண்ட அமெரிக்கக் கடற்படை 1931இல் இந்தக் கல்லின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. சுத்தம் செய்வதே பொருளை அழிக்கும் வேலையாகிவிடலாம் என்பதை ஒரு பெரிய நிறுவனம் செலவுக் கணக்கில் உணர்ந்து ஒப்புக்கொண்ட தருணம் அது. இந்தப் பாடம் பின்னாளில் வீட்டுப் பின்புறங்களில் மறக்கப்பட்டு, வேறொரு கருவியால் மீண்டும் கற்கப்பட வேண்டியிருந்தது.

கப்பலிலிருந்து கரைக்கு வந்த மரத்தளங்களில் புகழ்பெற்றது நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதை. விருந்தினர் காலில் ஒட்டிவரும் மணல் ரயில் பெட்டிகளையும் விடுதிக் கூடங்களையும் பாழாக்குவதைத் தடுக்க, ரயில் ஊழியரான அலெக்சாண்டர் போர்டுமன் முன்வைத்த யோசனையால் 1870இல் அது அமைந்தது. 8 அடி அகலமும் ஏறத்தாழ 1 மைல் நீளமும் கொண்ட அந்த முதல் பாதை துண்டுதுண்டாகச் செய்யப்பட்டிருந்தது. கோடைப் பருவம் முடிந்ததும் பலகைகளைக் கழற்றி உள்ளே அடுக்கிவிடுவார்கள். வெட்டவெளி மரத்தைக் காக்க அதை வெட்டவெளியிலிருந்தே அகற்றிவிடும் இந்த எளிய உபாயம், பாதை நிரந்தரமாக்கப்பட்டதும் கைவிடப்பட்டது. ஆண்டு முழுவதும் மழையிலும் பனியிலும் கிடக்க வேண்டிய பலகைக்கு வேறு காப்பு தேவைப்பட்டது.

அதே காலத்தில் அமெரிக்க வீடுகளின் முகப்பில் திண்ணை போன்ற மரமேடை இருந்தது; ஆனால் அதற்குக் கூரை உண்டு. வெயிலும் மழையும் நேரே படாததால் கெட்டியான எண்ணெய் வண்ணத்தைப் பூசிவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். கூரையில்லாத மரத்துக்கான விடை வேறோர் இடத்திலிருந்து, கூரை வேயும் மர ஓடுகளிலிருந்து, வந்தது. பாஸ்டன் நகர வேதியியலாளர் சாமுவேல் காபட் 1877இல் தொடங்கிய நிறுவனம், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் என்னும் எண்ணெயில் நிறமிகளைக் கலந்து மர ஓடுகளுக்கான சாயத்தை விற்கத் தொடங்கியது. வண்ணப்பூச்சு மரத்தின்மேல் ஒரு படலமாகப் படிகிறது; சாயமோ இழைகளுக்குள் ஊறி, மேலே தோல் எதையும் விடாமல் அடங்குகிறது. படலம் என்று ஒன்று இல்லாததால் உரிவதற்கும் எதுவுமில்லை. வெளிறிப்போனால் கழுவிவிட்டு மீண்டும் ஊட்டினால் போதும். வடகிழக்குக் கடற்கரையில் அந்நாளில் எழுந்த, மர ஓடுகளால் சுவரையே போர்த்திய மாளிகைகளின் மங்கிய பழுப்பும் பச்சையும் இத்தகைய சாயங்களின் கொடை. இன்று கடைகளில் மரத்தளச் சாயம் என்று விற்கப்படும் அனைத்துக்கும் மூதாதை இதுதான்.

வீட்டுப் பின்புற மரத்தளம் ஒரு வடிவமாகத் தெளிவுபெற்றது கலிபோர்னியாவில். மழை குறைந்த நீண்ட கோடை, சரிவான மனைகள், வெளியிலேயே வாழத் தூண்டும் தட்பவெப்பம் ஆகியவற்றோடு ரெட்வுட் என்னும் செம்மரமும் (தமிழகத்துச் செஞ்சந்தனத்தோடு இதற்கு உறவில்லை) அங்கே கிடைத்தது. நிலவடிவமைப்பாளர் தாமஸ் சர்ச், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள சோனோமாவில் டானல் குடும்பத்துக்காக 1948இல் அமைத்த தோட்டத்தில், சரிவின் விளிம்பில் ரெட்வுட் பலகைகளைச் சதுரங்களாக அடுக்கி, ஏற்கெனவே நின்ற ஓக் மரங்களைச் சுற்றித் தளத்தை நீட்டினார். மண்ணை வெட்டிச் சமப்படுத்தாமலேயே சமதரை கிடைத்தது. 1955இல் வெளிவந்த அவருடைய ‘கார்டன்ஸ் ஆர் ஃபார் பீப்பிள்’ என்ற நூலும், மேற்குக் கரையின் இதழ்களும் அந்த வடிவத்தை நடுத்தரக் குடும்பங்களிடம் கொண்டுசேர்த்தன.

ரெட்வுட்டின் வைரப்பகுதியில், அதாவது தண்டின் நடுவேயுள்ள முதிர்ந்த பகுதியில், டானின் உள்ளிட்ட கசப்புப் பொருள்கள் நிறைந்திருப்பதால் பூஞ்சையும் கரையானும் அதை எளிதில் அணுகுவதில்லை; வெளிப்புறமுள்ள வெளிறுக்கு அந்த ஆற்றல் இல்லை. இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. சாதாரண இரும்பு ஆணி அடித்தால், டானினும் இரும்பும் சேர்ந்து மை போன்ற கருங்கறை ஆணியிலிருந்து வழிகிறது. சோப்பாலும் துடைப்பத்தாலும் போகாத இந்தக் கறையை நீக்க ஆக்சாலிக் அமிலம் பயன்பட்டது. இரும்பைக் கரையும் சேர்மமாக மாற்றி நீரோடு அகற்றும் இந்த அமிலமே மரத்தளத்தைப் ‘பிரகாசமாக்கும்’ திரவங்கள் பலவற்றில் இன்றுவரை முதன்மைப் பொருளாக உள்ளது. துத்தநாகப் பூச்சிட்ட ஆணிகளையோ துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையோ தொடக்கத்திலேயே அடித்திருந்தால் கறை நீக்கும் வேலைக்கே இடமிருந்திருக்காது.

வண்ணமா, சாயமா என்ற கேள்விக்கு அறிவியல் முறையில் விடை தேடிய இடம் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம். அமெரிக்க வனத்துறை 1910இல் அங்கே நிறுவிய வனப்பொருள் ஆய்வகத்தில், பல வகை மரப்பலகைகளில் பல வகைப் பூச்சுகளைத் தடவி, வேலிகள் போன்ற சட்டங்களில் பொருத்தி வெயிலிலும் பனியிலும் விட்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஃபிரெடரிக் பிரவுன் என்ற வேதியியலாளர் முன்னின்று நடத்திய ஆய்வுகளில், வண்ணம் நிற்பதும் உரிவதும் வண்ணத்தின் தரத்தை மட்டுமன்றி மரத்தின் ஆண்டு வளையங்களையும் பொறுத்தது என்று தெளிந்தது. ஓராண்டு வளர்ச்சியில் பிந்திய பருவத்தில் உருவாகும் கருத்த, அடர்ந்த பட்டை அதிகம் ஊதிச் சுருங்குவதால், பூச்சுப் படலம் முதலில் அங்கேதான் விரிகிறது. விரிசல் வழியே இறங்கிய நீர் படலத்தின் அடியில் சிறைப்பட்டுப் போகிறது. காக்க வந்த பூச்சே மரம் உலர்வதைத் தடுத்துவிடுகிறது.

இந்த அறிவிலிருந்து 1950களில் பிறந்ததுதான் ‘மேடிசன் ஃபார்முலா’ என்று பெயர்பெற்ற கலவை. ஆளிவிதை எண்ணெய், நீரை விலக்கும் பாரஃபின் மெழுகு, பூஞ்சணத்தைக் கொல்லும் பென்டாகுளோரோபீனால், கதிர்களைத் தடுக்கும் காவி வகை நிறமிகள், நீர்க்கச் செய்யும் கனிமக் கரைப்பான் ஆகியவை சேர்ந்த இந்தச் சாயத்தின் செய்முறையை ஆய்வகம் பொதுமக்களுக்கே வெளியிட்டது; வீட்டுக்காரர் தாமே கலந்துகொள்ளலாம். இந்தத் திறந்த மனம் போற்றத்தக்கது. மரத்தின் இழையோட்டம் தெரியும்படி நிறம் ஏற்றும் அரை ஒளிபுகு சாயங்கள் அனைத்தும் அடிப்படையில் இந்தக் கலவையின் வழித்தோன்றல்களே. அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் வெளிமரத்தின் ஒரு பகையை எதிர்கொள்கிறது. அவற்றுள் நிறமியின் பங்கை மக்கள் அழகோடு மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். இரும்பு ஆக்சைடு கலந்த காவி, புற ஊதாக் கதிர்களை லிக்னினை அடையவிடாமல் தடுக்கிறது. நிறமற்ற தெளிந்த பூச்சுகள் மரத்தளத்தில் மிகக் குறுகிய காலமே நிற்பதற்குக் காரணம் இந்தக் காப்பு அவற்றில் இல்லாததே. பென்டாகுளோரோபீனால் நச்சுத்தன்மை மிக்கதென்று தெரியவந்து 1980களில் பொதுவிற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

இதற்கிடையே வரலாறு இந்தியாவைத் தொட்டுத் திரும்புகிறது. மரத்துக்குள் நச்சை ஏற்றி அழிவைத் தடுக்கும் முயற்சி ரயில் பாதைகளின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1832இல் கயான் என்பவர் பாதரசக் குளோரைடில் மரத்தை ஊறவைத்தார். 1838இல் ஜான் பெத்தல், இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கிரியோசோட்டை அழுத்தத்தில் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் பூச்சரி என்பவர் மயில்துத்தத்தை நம்பினார். நீரில் கரையும் உப்புகளுக்கெல்லாம் ஒரே குறை: கரைந்து உள்ளே சென்றவை மழையில் கரைந்து வெளியே வந்துவிட்டன. மழையும் கரையானும் மிகுந்த இந்தியாவில் சிலிப்பர் கட்டைகளையும் கம்பங்களையும் காக்க வேண்டிய நெருக்கடி, 1906இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனத்தின் முன் இருந்தது.

அங்கே மரப்பாதுகாப்புப் பணியிலிருந்த இந்தியப் பொறியாளர் சொந்தி காமேசம், முதலில் ஜெர்மானியப் பூஞ்சையியல் அறிஞர் ரிச்சர்டு ஃபால்குடன் சேர்ந்து ஆர்சனிக், குரோமியம் கலந்த ஒரு காப்புப்பொருளை உருவாக்கினார். இருவர் பெயரும் இணைந்து அதற்கு ‘ஃபால்கமேசம்’ என்று பெயரானது. அதோடு செம்பையும் சேர்த்து 1933இல் அவர் கண்டறிந்த கலவைதான் சி.சி.ஏ. என்று உலகெங்கும் அறியப்பட்ட குரோமேற்றிய செம்பு ஆர்சனேட்டு. ஆர்சனிக், செம்பு ஆகியவற்றின் வேதிக் குறியீடுகளை இணைத்து ‘அஸ்க்யூ’ என்ற வணிகப் பெயரும் அதற்கு உண்டு. செம்பு பூஞ்சையைக் கொல்கிறது. செம்புக்கு அஞ்சாத பூஞ்சைகளையும் கரையானையும் ஆர்சனிக் கொல்கிறது. குரோமியம் அவ்விரண்டையும் மர இழையோடு பிணைத்து, நீரில் கரையாத நிலைக்குக் கொண்டுவருகிறது. நூறாண்டுகளாக ஐரோப்பிய வேதியியலாளர்களை அலைக்கழித்த கரைதல் சிக்கலுக்குக் குரோமியத்தைப் பிணைப்பானாக்கியதில்தான் காமேசத்தின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கப் புறநகரின் தோற்றத்தை மாற்றிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றைத் தந்த இந்த மனிதரின் பெயரை அந்நாட்டிலும் இந்தியாவிலும் மரப்பாதுகாப்புத் துறைக்கு வெளியே அறிந்தவர் மிகச் சிலர். அவருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

அந்தக் கண்டுபிடிப்பு வீட்டுப் பின்புறத்தை அடைய நாளாயிற்று. ஆதியில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கரில் பரவியிருந்த ரெட்வுட் பழங்காடுகளில் சுமார் 5 விழுக்காடே எஞ்சும் அளவுக்கு வெட்டு நடந்தது. 1968இல் அமைந்து 1978இல் விரிவாக்கப்பட்ட ரெட்வுட் தேசியப் பூங்கா எஞ்சியதில் ஒரு பகுதியைக் காத்தது. முதிர்ந்த வைரப்பலகையின் விலை ஏறியது. தென்மாநிலங்களில் விரைந்து வளரும் மஞ்சள் பைனோ மலிவு. இயல்பான காப்பு அதற்குக் குறைவு என்றாலும், அகன்ற அதன் வெளிறு அழுத்தத்தில் செலுத்தும் திரவத்தைத் தாராளமாக உள்வாங்கியது. 1970களிலிருந்து சி.சி.ஏ. ஏற்றிய, இளம்பச்சை நிறம் படிந்த பைன் பலகைகள் கடைகளை நிறைத்தன. தச்சரை அழைக்காமல் வீட்டுக்காரரே வார இறுதிகளில் மரத்தளம் அமைத்துக்கொள்ளும் காலம் பிறந்தது.

இங்கேதான் பராமரிப்பு பற்றிய பெரிய தவறான எண்ணம் வேரூன்றியது. நச்சேறிய பலகை உளுக்காது என்பதை மக்கள் அதற்குப் பராமரிப்பே வேண்டாம் என்று புரிந்துகொண்டார்கள். சி.சி.ஏ. பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும், நீரைத் தடுக்காது. பைன் பலகைகள் சில ஆண்டுகளில் நரைத்து, வளைந்து, சிலாம்பு நீட்டின. ஏமாற்றமடைந்த வீட்டுக்காரர்கள் உயர் அழுத்த நீர்ப்பீச்சும் எந்திரங்களை வாடகைக்கு எடுத்து வந்து பலகைகளைப் பீய்ச்சினார்கள். நீரின் வேகம் அழுக்கோடு சேர்த்து இளவேனில் காலத்து மென்பட்டைகளையும் அரித்தெடுக்க, வரிவரியாகப் பள்ளம் விழுந்து, இழைகள் மயிர்போல் எழுந்து நின்றன. கடற்படை 1931இல் கல்லிடமிருந்து கற்ற பாடத்தை வீடுகள் நீரிடமிருந்து கற்றன. குளோரின் கலந்த வெளுப்பான்கள் பூஞ்சணத்தைக் கொன்றபோதும் இழைகளையும் வலுவிழக்கச் செய்ததால், நீரில் ஆக்சிஜனை விடுவிக்கும் சோடியம் பெர்கார்பனேட்டு படிப்படியாக அவற்றின் இடத்தைப் பிடித்தது.

ஆர்சனிக் குறித்த அச்சம் 1990களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் முற்றியது. மரத்தளத்தின் அடியிலுள்ள மண்ணிலும், விளையாட்டுத் திடல் மரச்சட்டங்களைத் தொட்ட குழந்தைகளின் கைகளிலும் ஆர்சனிக் தென்பட்டது. காமேசத்தின் பிணைப்பு பெருமளவு உறுதியானதே. ஆனால் முற்றிலும் உறுதியானதன்று, சிறு அளவு கசிந்துகொண்டே இருந்தது. சிலிப்பர் கட்டைக்கும் கம்பத்துக்குமென உருவான ஒரு பொருளைக் குழந்தை தவழும் இடத்துக்குக் கொண்டுவந்தது பிற்காலச் சந்தை. கண்டுபிடித்தவரின் நோக்கத்தோடு சேர்த்து அதைத் தீர்ப்பிடுவது நியாயமன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002 பிப்ரவரியில் உற்பத்தியாளர்களோடு ஏற்பட்ட உடன்பாட்டை அறிவித்தது. அதன்படி 2003 டிசம்பர் 31க்குப் பிறகு பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளுக்கான மரத்தில் சி.சி.ஏ. ஏற்றுவது நின்றது. ஏற்கெனவே நின்ற தளங்களை இடிக்குமாறு உத்தரவு எதுவும் பிறக்கவில்லை.

இடிக்காமல் விடப்பட்ட அந்தத் தளங்களால், கழுவுவதும் சாயமேற்றுவதும் அழகு சார்ந்த வேலை என்ற நிலையிலிருந்து உடல்நலம் சார்ந்த வேலையாக மாறின. இழைக்குள் ஊறும் எண்ணெய்ச் சாயத்தை ஆண்டுக்கொருமுறை போன்ற ஒழுங்கான இடைவெளியில் ஏற்றினால் ஆர்சனிக் கசிவு குறையக்கூடும் என்று அந்த முகமை அறிவுறுத்தியது. படலமாகப் படியும் வண்ணங்கள் வேண்டாம் என்பதற்கு இப்போது புதிய காரணம் சேர்ந்தது: அவை உரியும்போது உப்புத்தாளால் தேய்க்க வேண்டிவரும், தேய்த்தால் ஆர்சனிக் ஏறிய தூள் பறக்கும். கழுவும் திரவங்களின் கணக்கும் தலைகீழானது. வெளுப்பான்கள், பலகையில் தீங்கற்ற நிலையில் பிணைந்துகிடக்கும் குரோமியத்தைப் புற்றுநோய் விளைவிக்கும் ஆறு இணைதிற வடிவுக்கு மாற்றக்கூடும். ரெட்வுட்டின் கறையை நீக்கிய ஆக்சாலிக் அமிலம் இங்கே செம்பையும் ஆர்சனிக்கையும் கரைத்து விடுவிக்கக்கூடும். ஒரு மரத்துக்கு மருந்தாக இருந்தது மற்றொரு மரத்துக்கு ஊறு செய்தது. பலகையின் பிறப்பையும் வயதையும் அறியாமல் அதைக் கழுவத் தொடங்கக் கூடாது என்பதே நூறாண்டு அனுபவம் கற்பித்த முதல் விதி.

சி.சி.ஏ.வுக்குப் பின் வந்த, செம்பை மிகுதியாகக் கொண்ட ஏ.சி.க்யூ., செம்பு அசோல் ஆகிய காப்புப்பொருள்களில் ஆர்சனிக் இல்லை. ஆனால் அவை சாதாரண எஃகு ஆணிகளை வேகமாக அரித்ததால், தடித்த துத்தநாகப் பூச்சிட்ட அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் கட்டாயமாயின. சாயங்களும் அதே காலத்தில் மாறின. கரைப்பான்கள் ஆவியாகிக் காற்றை மாசுபடுத்துவதைக் கட்டுப்படுத்தும் கூட்டரசு விதிகள் 1998இல் வந்தன. தென் கலிபோர்னியாவின் விதிகள் அதைவிடக் கடுமையானவை. எண்ணெய்ச் சாயங்களின் இடத்தில் நீரில் கலந்த அக்ரிலிக் சாயங்கள் வளர்ந்தன. இவை நிறத்தை நெடுநாள் தாங்குகின்றன. ஆயினும் எண்ணெய் ஊறும் ஆழத்துக்கு ஊறாமல் மேற்பரப்பருகே தங்குவதால், பழைய உரிதல் சிக்கல் பல தளங்களில் திரும்பி வந்தது.

எண்ணெய்ச் சாயத்துக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் உலர்வது ஆவியாவதால் அன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவதால். அந்த வினை வெப்பத்தை வெளிவிடுகிறது. எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துப் போட்டால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து தானாகத் தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில், உட்புற மரவேலைக்குப் பயன்பட்ட ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து மூண்ட தீ 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்து, தீயணைப்பு வீரர்கள் மூவரின் உயிரைக் குடித்தது. சாய டப்பாக்களின் மேல் துணிகளை நீரில் நனைத்து மூடிய இரும்புப் பாத்திரத்தில் போடுமாறு அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையைச் சம்பிரதாயம் என்று கடந்துபோகிறவர்கள் இந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

பராமரிப்பிலிருந்து விடுதலை என்ற வாக்குறுதி மேலும் இரு வடிவங்களில் வந்தது. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சேர்த்த கலப்புப் பலகை 1990களில் சந்தைக்கு வந்து, 1996இல் தனி நிறுவனமான டிரெக்ஸ் வழியாகப் பரவியது. சாயம் வேண்டாம் என்பது உண்மையாயினும், முதல் தலைமுறைப் பலகைகளிலிருந்த மரத்தூளில் பூஞ்சணம் படர்ந்ததால் கழுவும் வேலை தொடர்ந்தது. மற்றொன்று, பிரேசில் முதலிய தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வந்த இப்பே என்னும் மிக அடர்ந்த மரம். கடற்கரை நடைபாதைகளிலும் அது பெருமளவில் இடம்பிடித்தது. வெட்டு மிகுந்து இப்பே அருகியதால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2022 நவம்பரில் பனாமாவில் கூடி, அதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவர முடிவு செய்தது. 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு வீட்டின் பின்புறத்தில் சாயமேற்றும் உழைப்பைத் தவிர்க்க, ரெட்வுட்டுக்கு நேர்ந்தது இன்னொரு கண்டத்தின் காட்டுக்கும் நேர்ந்தது.

2004க்கு முன் அமைந்த சி.சி.ஏ. தளங்களில் பல இன்னும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றின் பலகைகளை விறகாக எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும் என்பதால் எரிப்பதற்குத் தடை உள்ளது. தூளாக்கித் தோட்டத்தில் பரப்பவும் கூடாது. கழற்றப்படும் பலகைகளை நகராட்சிகள் குப்பைக் கிடங்குகளில் புதைக்கின்றன. கசிவு நிலத்தடி நீரில் கலக்காதிருக்க அடியில் விரிப்பிட்ட கிடங்குகளே அதற்குத் தகுந்தவை என்று வலியுறுத்தப்படுகிறது. கழற்றப்படாதவற்றின் உரிமையாளர்கள், மிதமான சோப்பு நீராலும் மென்மையான பிரஷ்ஷாலும் கழுவி, நன்கு உலர்ந்த பின் எண்ணெய்ச் சாயத்தை ஊட்டுகிறார்கள்.